பேரிங் மாற்றியும் அலாரம் நிற்கவில்லை: 37 கிலோவாட் ஃபேன் மோட்டார்

கேள்வி: ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஹியூமிடிஃபிகேஷன் ஃபேன் மோட்டார், 4 போல், 1470 ஆர்பிஎம், விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் மின் கருவி) இல்லை. மேலே வயர்லெஸ் வைப்ரேஷன் சென்சார். 'பேரிங் வெளி ரேஸ் பழுது' (பந்துகள் உருளும் வெளி வளையத்தில் பழுது) என்று அதன் சாஃப்ட்வேர் அலாரம் கொடுத்தது. மாற்றினோம். கழற்றிய பேரிங்கில் ஒரு கீறல்கூட இல்லை, அலாரமும் போகவில்லை. ஸ்பெக்ட்ரத்தில் (அதிர்வை அதிர்வெண் வாரியாகக் காட்டும் படம்) 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒற்றை முனை, மொத்த அதிர்வு 5.2 மிமீ/வினாடி. அடுத்து என்ன பார்ப்பது?

பதில்: பேரிங்கில் எத்தனை பந்து சார்? ஸ்பெக்ட்ரத்தின் ரெசல்யூஷன், அதாவது அதில் அடுத்தடுத்த கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, எவ்வளவு?

கேட்டவர்: 10 பந்து. 2.5 ஹெர்ட்ஸ்.

பதில்: அங்கேதான் சிக்கல். வெளி ரேஸ் பழுதில் பந்துகள் இடிக்கும் அதிர்வெண்ணுக்குத் தோராயக் கணக்கு: பந்து எண்ணிக்கை × 0.4 × தண்டு வினாடிக்குச் சுற்றும் சுற்றுகள். 1470ஐ 60ஆல் வகுத்தால் 24.5, அதை நாலால் பெருக்கினால் 98 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் காந்த இழுப்பு வருவது 100 ஹெர்ட்ஸில். 2.5 ரெசல்யூஷனில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், பாவம் சாஃப்ட்வேர் என்ன செய்யும்? 0.25க்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். பேரிங் பழுதென்றால் அதன் இரண்டு, மூன்று மடங்கிலும் முனைகள் எழுந்திருக்கும்.

அப்புறம், கையில் பிடிக்கும் அனலைசரை வைத்துக்கொண்டு மோட்டாரை ஆஃப் செய்யுங்கள். ஆவரேஜிங் (பல அளவீடுகளைச் சராசரி எடுப்பது) வேண்டாம். கரண்ட் போன கணமே முனை மறைந்தால் மின் பக்கம். வேகத்தோடு மெல்ல நகர்ந்து இறங்கினால் மெக்கானிக்கல். வயர்லெஸ் சென்சார் இதற்கு உதவாது, அது இடைவெளி விட்டுத்தான் விழிக்கும்.

இன்னொரு பதில்: மின் பக்கம் என்று தெரிந்ததும் வைண்டிங்கை அவிழ்க்கக் கிளம்பிவிடாதீர்கள். மோட்டார் கால் சரியாக உட்காராவிட்டாலும் சட்டம் முறுக்கிக்கொள்ளும், ஏர் கேப் (உள்ளே சுழலும் ரோட்டரைச் சுற்றியுள்ள இடைவெளி) ஒரு பக்கம் குறையும், 100 ஹெர்ட்ஸ் ஏறும். மெயின் சப்ளையைப் பூட்டிவிட்டு, டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்துங்கள். கால் 0.05 மிமீக்கு மேல் எழுந்தால் ஷிம் (காலுக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடு) வேண்டும். மூன்று ஃபேஸ் வோல்டேஜையும் ஒரு தடவை பாருங்கள்.

கேட்டவர்: ஆஃப் செய்ததும் முனை சட்டென்று காணாமல் போனது. வோல்டேஜ் சமமாக இருக்கிறது. பெல்ட் பக்க வலது காலில் 0.15 மிமீ இடைவெளி! ஷிம் போட்டு இறுக்கினோம், இப்போது 1.9 மிமீ/வினாடி. அந்த பேரிங் அலாரத்தை எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்காதீர்கள். ரெசல்யூஷனை மட்டும் மாற்றுங்கள், 100 ஹெர்ட்ஸுக்குத் தனி அலாரம் வையுங்கள். நிஜமாகவே பேரிங் போகும் நாளில் அது வேண்டும்.