மறு: ‘ஹெல்த் கோச்சிங்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்

அன்புள்ள குழும உறுப்பினர்களுக்கு வணக்கம்.

‘ஹெல்த் கோச்சிங்’ என்பதற்குப் புலவர் ஐயா முன்வைத்த ‘உடல்நலப் பயிற்சி’ எளிய சொல்தான். எவருக்கும் உடனே புரியும். ஆனால் புரிவது வேறொன்றாக இருக்கும் என்பதே என் தயக்கம். வடசென்னையின் தண்டையார்பேட்டைப் பகுதியில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கு இயன்முறை மருத்துவம் செய்துவரும் நான், ‘பயிற்சி’ என்ற சொல்லை அவர்களிடம் ஏற்கெனவே இரண்டு பொருளில் ஆண்டுவருகிறேன். நடப்பதும் கைகால் தசைகளை வலுவாக்குவதும் உடற்பயிற்சி. மூக்கால் மூச்சை இழுத்து, உதடுகளைக் குவித்து, இழுத்ததைப்போல் இருமடங்கு நேரம் எடுத்து மெல்ல வெளிவிடுவது மூச்சுப் பயிற்சி. இவற்றோடு மூன்றாவதாக ஒரு பயிற்சி சேர்ந்தால், ‘பயிற்சிக்கு வாருங்கள்’ என்று அழைக்கும்போது எதற்கு வருவது என்று அவர்கள் கேட்பார்கள்.

கோச்சிங் என்பதில் நடப்பது என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளிவிட்டு, அழுத்திய கணத்திலேயே மெதுவாக ஆழ இழுத்து, பத்து நொடி அடக்க வேண்டும் என்று செய்து காட்டுவது கற்பித்தல். அதற்குப் புதுச் சொல் தேவையில்லை. இவ்வளவையும் சரியாகச் செய்து காட்டும் ஒருவர் வீட்டுக்குப் போனபின் அதைத் தொடுவதில்லை என்றால், ஏன் என்று கேட்டு, அவர் வாயாலேயே விடையை வரவழைப்பதுதான் கோச்சிங். காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு விடியுமுன் கிளம்புகிற ஒருவருக்குக் ‘காலை உணவுக்குமுன்’ என்ற மருந்துச் சீட்டின் குறிப்பு பொருந்தாமல் இருக்கலாம். நாலு பேர் நடுவில் ‘பம்பு’ அடிக்க வெட்கமாகவும் இருக்கலாம். எந்த நேரத்தில் எடுப்பது, எதை முதலில் மாற்றுவது என்பதை அவரே சொல்கிறார். வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு இடையில் ஒரே ஒரு முறை மட்டும் நின்று ஏறிவிட வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட இலக்கு என்றால், உரையாடல் அதிலிருந்துதான் தொடங்கும். மதுப் பழக்கம் உள்ளவர்களுடன் பேசும் முறையாக உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதி, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து விரித்துரைத்த உரையாடல் முறையே இத்தகைய பணிகள் பலவற்றுக்கு அடிப்படை. மாறுவதற்கான காரணத்தை மாற வேண்டியவரே சொல்ல வேண்டும் என்பது அதன் உயிர்நாடி.

ஆகவே ‘அறிவுரை’, ‘ஆலோசனை’ இரண்டும் பொருந்தா. அவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தரப்படுபவை. ‘நடத்தை நெறிப்படுத்தல்’ என்ற முன்மொழிவு எனக்குச் சற்றுக் கசக்கிறது. புகையிலையே இந்நோய்க்கு முதன்மைக் காரணங்களில் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் விறகடுப்புப் புகையில் ஆண்டுக்கணக்கில் சமைத்தவர்களும், முன்னர் காசநோய் கண்டு குணமானவர்களும், தூசி நிறைந்த தொழிலில் இருந்தவர்களும் இதே இளைப்போடு வருகிறார்கள். மணலியின் ஆலைகளுக்கும் எண்ணூரின் அனல்மின் நிலையங்களுக்கும் இடையே வாழ்பவரிடம், கோளாறு முழுவதும் அவர் நடத்தையில்தான் என்று ஒரு கலைச்சொல் சொல்லிவிடக் கூடாது.

‘ஆற்றுப்படுத்தல்’ என்று நம் குழும அம்மையார் ஒருவர் எழுதியதை மிகவும் விரும்பினேன். பரிசில் பெற்று வருபவன் எதிர்ப்படுபவனுக்கு வழி சொல்லும் ஆற்றுப்படை மரபு, நோயோடு வாழப் பழகிய ஒருவர் இன்னொரு நோயாளிக்கு உதவுவதற்கு அப்படியே பொருந்தும். ஆனால் இப்பணியைச் செய்பவர் பெரும்பாலும் செவிலியரோ இயன்முறை மருத்துவரோதான். மேலும் அச்சொல் கவுன்சிலிங் என்ற பொருளில் முன்பே வழங்கிவருகிறது.

என் முன்மொழிவு ‘நலத்துணை’. இலங்கைத் தமிழர் கவுன்சிலிங்கை ‘உளவளத்துணை’ என்று வழங்குவதால் இவ்வமைப்பு நமக்குப் புதிதன்று. இதற்கு எதிராக நானே ஒன்று சொல்ல வேண்டும்: வார்டில் ‘துணைக்கு யார் இருக்கிறீர்கள்?’ என்று கேட்டால் அது சாப்பாடு வாங்கி வரவும் ஸ்கேனுக்கு அழைத்துப் போகவும் உடனிருக்கும் உறவினரைக் குறிக்கும். அந்தக் குழப்பம் ‘துணை’ தனித்து நிற்கும்போதுதான் எழும். ‘செவ்வாய்க்கிழமைதோறும் நலத்துணையாளர் தொலைபேசியில் பேசுவார்’ என்னும் தொடரில் எழுவதாக எனக்குத் தோன்றவில்லை. பணி செய்பவரை ‘நலத்துணைவர்’ என்பதைத் தவிர்க்கலாம், ஏனெனில் துணைவர் என்றால் கணவர் நினைவுக்கு வருவார். வினையாக ஆளும்போது ‘நலத்துணை அளித்தல்’ என்பதைவிட ‘நலத்துணை புரிதல்’ எனக்குப் பிடித்திருக்கிறது.

மறுப்பு இருந்தால் இவ்வார இறுதிக்குள் எழுதுங்கள். நோயாளிகளுக்கான கையேட்டில் இச்சொல்லை இட்டு அச்சுக்கு அனுப்ப வேண்டும். அதே கையேட்டில் ‘ஆக்‌ஷன் பிளான்’ என்பதும் வருகிறது. சளியின் நிறம் மாறினாலோ, வழக்கத்தைவிட இளைப்பு கூடினாலோ எந்த மருந்தைத் தொடங்குவது, எப்போது மருத்துவமனைக்கு ஓடுவது என்று எழுதித் தரும் தாள் அது. ‘செயல்திட்டம்’ அரசாணைபோல் ஒலிக்கிறது. ‘இளைப்பு கூடினால் செய்ய வேண்டியவை’ என்று ஒரு தொடராகவே விட்டுவிடலாமா?

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் இயன்முறை மருத்துவர்