வெங்கர் போகிறார்: 'போ' என்று கத்தியவர்களும் எழுதலாம்

மேல்தட்டுக்காரன்

நேற்று, மே 9, லெஸ்டரில் நம் லண்டன் ஆர்சனலுக்கு 3-1 தோல்வி. 2018 பிறந்த பிறகு லீக்கில் ஏழு வெளியூர் ஆட்டம் ஆடியாகிவிட்டது, ஏழிலும் தோல்வி. ஒரு புள்ளிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஹடர்ஸ்ஃபீல்டில் கடைசி ஆட்டம். அதோடு ஆர்சென் வெங்கர் 22 வருடம் நம் மேனேஜராக இருந்த காலம் முடிகிறது.

ஏப்ரல் 20ஆம் தேதி செய்தி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. எனக்கும் மச்சானுக்கும் பக்கத்துப் பக்கத்து சீட். அவர் 'இருக்கட்டும்' கட்சி, நான் 'போகட்டும்' கட்சி. ஒரே பிக்கடில்லி லைன் ரயிலில் போவோம், ஒரே ரயிலில் திரும்புவோம். தோற்ற நாளில் திரும்பும்போது வாயே திறக்கமாட்டோம்.

போன வருடம் மார்ச்சில், ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கிடம் 5-1, 5-1 என்று இரண்டு தடவை வாங்கிக் கட்டிக்கொண்ட கையோடு, வெஸ்ட் ப்ராம் மைதானத்துக்குப் போயிருந்தோம். வானத்தில் ஒரு விமானம், புது ஒப்பந்தம் கொடுக்காதே என்று வால் நீளத்துக்கு வாசகம். நான் எழுந்து நின்று கைதட்டினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு விமானம், இது வெங்கரை நம்புகிறோம் என்றது. மச்சான் எழுந்தார். ஆளுக்கொரு விமானம். கீழே 3-1 தோல்வி.

சரி, போன ஞாயிறு பர்ன்லி ஆட்டத்துக்கு வருகிறேன். சீட்டில் சிவப்பு டி-சர்ட் ஒன்று கிடந்தது, 'மெர்சி ஆர்சென்', பிரெஞ்சில் 'நன்றி ஆர்சென்'. போடுவதா வேண்டாமா என்று ஐந்து நிமிடம் மடியிலேயே வைத்திருந்தேன். மச்சான் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. போட்டுக்கொண்டேன், எனக்கு இரண்டு அளவு பெரிது. 5-0 ஜெயித்தோம். அப்புறம் வெங்கர் மைக்கைப் பிடித்ததும் முதலில் பேசியது தன்னைப் பற்றி இல்லை. முதல் நாள் மூளையில் ரத்தக் கசிவால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய மேனேஜர் ஃபெர்குசன் குணமாக வேண்டும் என்று ஆரம்பித்தார். எத்தனை வருடம் முட்டிக்கொண்ட ஆளுக்கு! எனக்குத் தொண்டை கொஞ்சம் அடைத்தது, மறைக்கவில்லை.

ஆனாலும் கணக்கு கணக்குதான். லீக் பட்டம் 3, இங்கிலாந்தின் நாக்அவுட் கோப்பையான எஃப்ஏ கோப்பை 7. லீக் மூன்றும் முதல் எட்டு சீசனுக்குள்: 1998, 2002, 2004. அதற்குப் பிறகு 14 சீசனில் பூஜ்யம். 2005க்கும் 2014க்கும் நடுவே எந்தப் பெரிய கோப்பையும் இல்லை. இதை வைத்துத்தான் ஊரெல்லாம் சண்டை. டிவியில் யாரோ சொன்னதை இந்த ரசிகர் பக்கத்தில் எழுத வேண்டாம். நீங்கள் அங்கே இருந்து பார்த்ததை எழுதுங்கள்.

பழைய ஹைபரி

தம்பி, நான் 1996க்கு முன்னாலிருந்தே போகிறவன். ஜப்பானில் நகோயா கிராம்பஸ் எயிட்டிலிருந்து ஒருவர் வருகிறார் என்றபோது, கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி இருக்கிறாரே என்றுதான் நாங்களும் சிரித்தோம். இரண்டாவது வருடம் லீக்கும் எஃப்ஏ கோப்பையும் சேர்ந்து வந்தது. சிரித்ததை எல்லோரும் மறந்துவிட்டோம்.

நான் சொல்ல நினைப்பது கோப்பை எதுவும் இல்லாத ஒரு நாள். 1999 பிப்ரவரி 13, ஷெஃபீல்டு யுனைடெட்டோடு எஃப்ஏ கோப்பை ஆட்டம், நம் பழைய மைதானமான ஹைபரியில். 1-1. அவர்கள் ஆள் ஒருவர் அடிபட்டு விழுந்ததால் அவர்களுடைய கோல்கீப்பரே பந்தை வெளியே அடித்தார். த்ரோ நமக்கு. பந்தை மரியாதையாக அவர்களிடமே திருப்பித் தருவதுதான் வழக்கம், பார்லரும் அப்படித்தான் எறிந்தார். கானுவுக்கு அன்றுதான் நம் அணியில் முதல் ஆட்டம். அவருக்கு விஷயம் புரியவில்லையோ என்னவோ, பந்தைத் துரத்திப் பிடித்துக் குறுக்கே கொடுக்க, ஓவர்மார்ஸ் கோல் போட்டுவிட்டார். 2-1. சத்தம் பாதியிலேயே நின்றது. என் பக்கத்துப் பெரியவர் கையைத் தூக்கிவிட்டு, தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். விதிப்படி கோல் செல்லும். ஆனால் ஆட்டம் முடிந்ததும் வெங்கரே திரும்ப ஆடிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். பத்து நாள் கழித்து மறுபடி ஆடினோம், மறுபடி 2-1தான். ஜெயித்த ஆட்டத்தைத் திருப்பிக் கொடுத்த மேனேஜரை எனக்குத் தெரிந்து வேறு எங்கும் பார்த்ததில்லை.

அப்புறம் அந்த 14 சீசன். 2006 மே 7, ஹைபரியில் கடைசி ஆட்டம். விகனை 4-2 அடித்தோம், ஹென்றி மூன்று கோல் போட்டுவிட்டுக் குனிந்து புல்லை முத்தமிட்டார். 38,000 பேர் கொள்ளும் மைதானத்திலிருந்து 60,000 பேர் கொள்ளும் மைதானத்துக்குப் போனோம். வீட்டைக் கட்டிப்பார் என்று சும்மாவா சொன்னார்கள்? கட்டிய கடனை யார் அடைத்தது? 2007இல் ஹென்றி போனார். 2011இல் ஃபேப்ரிகாஸும் நஸ்ரியும். 2012இல் வான் பெர்சி, அதுவும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே. நல்ல மாட்டையெல்லாம் விற்றுவிட்டு உழவையும் நிறுத்தாமல் ஓட்டியவர் அவர். ஒரு சீசன்கூட முதல் நான்கு இடத்தைத் தாண்டிக் கீழே போகவில்லை, 2017 வரை.

கண்ணாடி தொலைத்தவன்

அண்ணா சொல்வதில் 2013 வரை எனக்கு மறுப்பில்லை. கடன் கதை அதோடு தீர்ந்தது. அந்த வருடம் 42.5 மில்லியன் பவுண்டுக்கு ஓசில் வந்தார், அடுத்த வருடம் சான்செஸ். பெட்டியில் காசு இருந்தது. அதற்குப் பிறகுதான் என் வழக்கே.

2016 பிப்ரவரி 14. லெஸ்டர் முதலிடம், நாம் ஐந்து புள்ளி பின்னால். அவர்கள் முதலில் பெனால்டியில் கோல் போட்டார்கள், அப்புறம் ஓர் ஆளை இழந்தார்கள், வால்காட் சமன் செய்தார். கூடுதல் நேரமும் முடியப் போகிறது, இடப்பக்கம் ஃப்ரீ கிக். பத்து மாதம் காயத்தில் கிடந்து அன்றுதான் திரும்பி வந்த வெல்பெக், உள்ளே நிற்கிறார். ஓசில் பந்தைத் தூக்கிப் போட, வெல்பெக் தலை லேசாகத் தொட்டது. அவ்வளவுதான். எனக்கு முன் வரிசையில் இருந்த ஆள் பின்பக்கமாக என் மேல் விழுந்தார். முன்பின் தெரியாதவர், என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார். என் மூக்குக்கண்ணாடி எங்கோ பறந்தது. ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் நாற்காலிகளுக்கு அடியில் ஊர்ந்து தேடினேன், ஒரு பக்கக் காது மட்டும் கிடைத்தது. எனக்குக் கவலையே இல்லை. இந்த வருடம் லீக் நமக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, எதிரே வரும் முகம் தெரியாமல் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் 3-2 தோல்வி. ராஷ்ஃபோர்டு என்ற 18 வயதுப் பையன் இரண்டு கோல். அடுத்த புதன்கிழமை சொந்த மைதானத்தில் ஸ்வான்சியிடம் 2-1. கடைசியில் லெஸ்டர் 81 புள்ளி, நாம் 71. அந்த லெஸ்டரை நாம் அந்த சீசனில் இரண்டு தடவை தோற்கடித்திருக்கிறோம். பெரிய கிளப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் சறுக்கிய வருடம், கதவு திறந்தே கிடந்தது. அதற்கு முந்தைய கோடையில் முதல் அணிக்கென்று நாம் வாங்கியது யாரை? செக். ஒரு கோல்கீப்பர். களத்தில் ஓடுகிற ஆள் ஒருவரைக்கூட வாங்கவில்லை. அதற்குக் கடனைக் காரணம் சொல்ல முடியுமா அண்ணா? அது அவருடைய பிடிவாதம். என்னைப் போல 2006க்குப் பிறகு வந்து சேர்ந்தவர்களுக்கு ஹைபரி எல்லாம் தாத்தா கதைதான். நாங்கள் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு மட்டும் நிஜம்.

பழைய ஹைபரி

செக் விஷயத்தில் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2003-04ஐத் தாத்தா கதை என்று சொல்லாதே. 38 ஆட்டம், 26 வெற்றி, 12 டிரா, தோல்வி இல்லை. உன் வயதுக்காரர்கள் அதைப் பட்டியலில் படிக்கிறீர்கள். நாங்கள் ஒவ்வொரு வாரமும் இன்று தோற்றுவிடுவோமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எட்டுக்கு ரெண்டு

பெயரைப் பார்த்தாலே தெரியும். 2011 ஆகஸ்ட் 28, ஓல்ட் டிராஃபோர்டில் 8-2 தோற்ற அன்று வெளியூர் ரசிகர் பகுதியில் நான் இருந்தேன். ஆறாவது கோலுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு எல்லோரும் பாட ஆரம்பித்துவிட்டோம், அழுவதற்குப் பாடுவது மேல் என்று. பிறகு கிளப் மன்னிப்பு மாதிரி இன்னொரு வெளியூர் ஆட்டத்துக்கு டிக்கெட் தந்தது. அதே சீசனில் மூன்றாவதாக முடித்தோம். இதை அவருடைய பெருமைக் கணக்கில் எழுதுவதா, சிறுமைக் கணக்கில் எழுதுவதா என்று ஏழு வருடமாக எனக்குத் தெரியவில்லை.

ஜிப்புக் கோட்டு

எல்லோரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். என் சீட் நம் பெஞ்சுக்குப் பின்னால் எட்டாவது வரிசை. 22 வருடத்தில் யாராலும் விளக்க முடியாத ஒன்று, வெங்கரின் அந்த நீளக் கோட்டின் ஜிப். ஒரு தடவை ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது குனிந்து, கீழ் முனையை இரண்டு கையாலும் சேர்த்து, மாட்டாமல், மறுபடி சேர்த்து, கடைசியில் விட்டுவிட்டு நிமிர்ந்தபோது நாம் கோல் வாங்கியிருந்தோம். சத்தியமாகப் பார்த்தேன்.

பனியில் போனவன்

இந்த வருடம் மார்ச் 1, மான்செஸ்டர் சிட்டி. அதற்கு நான்கு நாள் முன்புதான் வெம்பிளி இறுதிப் போட்டியில் இதே சிட்டியிடம் 3-0. லண்டன் முழுக்கப் பனி, பாதி ரயில் ஓடவில்லை. போகாதே என்று வீட்டில் சொன்னார்கள். போனேன். என் வரிசையில் 20 சீட், நானும் இன்னொருவரும் மட்டும். 33ஆவது நிமிடத்துக்குள் 3-0. திட்டக்கூட ஆள் இல்லை. மைதானம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதும் பந்தை உதைக்கும் சத்தமும் மேலே வரை கேட்டது. வெங்கர் கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி நின்றார். அதற்கு முன்பெல்லாம் அவர் மேல் கோபம்தான் வரும். அன்றைக்கு அதுவும் வரவில்லை. இனி முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். கோபப்பட்டவன் திரும்பி வருவான், வீட்டிலேயே இருந்துவிட்டவனை எப்படிக் கூட்டி வருவது?

கோல்னி வேலி ஓரம்

நான் வேன் ஓட்டுகிறவன். லண்டன் கோல்னியில் நம் அணியின் பயிற்சி மைதானம் என் பாதையில்தான். இந்த ஈஸ்டர் விடுமுறை முடிந்த பிறகு ஒரு நாள் மகள் பிடிவாதம் பிடித்ததால் கூட்டிப் போய் வாசலில் நின்றேன். எட்டு வயது, கையில் பழைய சட்டை, தடித்த கறுப்புப் பேனா. இரண்டு மூன்று ஆட்டக்காரர்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒரு கார் நின்றது, கண்ணாடி இறங்கியது. பார்த்தால் அவர்.

இரண்டு வருடம் இவர் போக வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். காலடியில் தரை இல்லாத மாதிரி இருந்தது. மகள் பேனாவின் மூடியைக் கழற்றாமலே நீட்டிவிட்டாள். அவர் கழற்றி, கதவின் மேல் சட்டையை விரித்து, சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு மூடியைத் தேடிப் பிடித்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மூடி, பேனாவை அவள் கையில் கொடுத்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கார் போய்விட்டது.

இதனால் இந்த சீசன் லீக்கில் நம் ஆறாம் இடம் நான்காம் இடம் ஆகிவிடாது, தெரியும். வாரிசு யார், யாரை வாங்க வேண்டும், பின்வரிசையை யார் சரிசெய்வது என்று எத்தனையோ கேள்வி. எனக்கு அந்த மூடிதான் ஞாபகம் இருக்கிறது.

கண்ணாடி தொலைத்தவன்

வேன் அண்ணா, இப்படி எழுதினால் எப்படிச் சண்டை போடுவது?

மேல்தட்டுக்காரன்

ஞாயிறு இரவு, ரயிலிலிருந்து எழுதுகிறேன். ஹடர்ஸ்ஃபீல்டு புதன்கிழமையே செல்சியில் டிரா எடுத்து லீக்கிலிருந்து கீழிறங்காமல் தப்பிவிட்டதால் ஊரே குஷியில் இருந்தது. 22ஆவது நிமிடத்தில், வருடத்துக்கு ஒரு நிமிடக் கணக்கில், இரண்டு பக்க ரசிகர்களும் எழுந்து கைதட்டினார்கள். 38இல் ஔபமெயாங் கோல். 1-0. இந்த வருடம் லீக்கில் முதல் வெளியூர் வெற்றி, அவருடைய 1,235ஆவது ஆட்டத்தில்! இதை ஜனவரியிலேயே செய்திருக்கக் கூடாதா?

விமானம் வந்தது. இந்தத் தடவை ஒன்றே ஒன்று. பர்ன்லி அன்று அவர் உங்களை மிஸ் பண்ணுவேன் என்று சொல்லி முடித்தார் அல்லவா, அதற்குப் பதில் மாதிரி: மெர்சி ஆர்சென், நாங்களும் உங்களை மிஸ் பண்ணுவோம். நானும் மச்சானும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்து, உடனே உட்கார்ந்துவிட்டோம்.

திரும்பும்போது லீட்ஸில் ரயில் மாற வேண்டும். அடுத்த மேனேஜர் யார் என்று மச்சான் ஆரம்பித்தார். லீட்ஸ் வருவதற்குள் பேச்சு நின்றுவிட்டது. இப்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்.