இணையத்தளம் என்றால் உள்ளே எப்படி அடுக்கியிருக்கும்?

லிந்துலை அக்கா:
லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கச் செயலாளர் நான். சங்கத்துக்கு இணையத்தளம் செய்து தர ஹட்டனில் ஒரு தம்பி ஒத்துக்கொண்டார். "மெனுவில் என்னென்ன வரும், எழுதிக் கொடுங்க அக்கா" என்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்களிடம் இருப்பது பேஸ்புக் பக்கம் மட்டும்தான். போன மாதம் ஒரு தாய், கொழுந்து நிறுத்துவிட்டு நேரே என் வாசலுக்கு வந்து, புலமைப்பரிசில் அறிவித்தலைக் கேட்டார். போனைத் தள்ளித் தள்ளி முக்கால் மணித்தியாலம் தேடினேன். கிடைத்தபோது பார்த்தால், முடிவுத் திகதி முதல் நாளே போயிருந்தது. அவர் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இணையத்தளத்தில் இப்படி ஆகாதா?

பண்டாரவளை:
பேஸ்புக்கில் புதியது வர வர பழையது கீழே போய்விடும். தளத்தில் விஷயம் பார்த்துப் பிரித்து வைக்கலாம். வைத்த இடத்திலேயே இருக்கும்.

கொட்டகலை:
அக்கா, நம் தோட்டத்தையே நினைத்துப் பாருங்கள். தோட்டத்துக்குள் டிவிசன், டிவிசனுக்குள் லயம் என்ற வரிசை வீடுகள், லயத்துக்குள் காம்பரா என்ற அறை. இணையத்தளமும் ஒரே பெயரின் கீழ் இப்படி அடுக்கிய பக்கங்கள்தான். முகப்புப் பக்கம், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களம் மாதிரி. எல்லாரும் முதலில் அங்கே வருவார்கள், யார் எந்த மலைக்குப் போவது என்று மெனு காட்டும்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நாங்கள் இருந்த லயத்தில் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது. எனக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்ட ஆபீசில் கிடந்து, நாள் கடந்த பிறகுதான் கைக்கு வந்தது. இணையத்தளத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் சொந்த முகவரி இருக்கிறது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்தத் தாய் நேரே அறிவித்தலிலேயே போய் இறங்குவார்.

முகவரியில் .எல்கே என்றால் இலங்கை. தமிழிலேயே .இலங்கை என்றும் உண்டு. அதற்கு முன்னால் சங்கத்தின் பெயர். பின்னால் வரும் சாய்கோடு (/) ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு படி உள்ளே போவதைக் காட்டும்: புலமைப்பரிசில், அதற்குள் வருடம், அதற்குள் அறிவித்தல்.

இந்தப் பக்கங்கள் எல்லாம் இரவு பகலாக ஓடும் சேர்வர் என்ற கணினியில் இருக்கும். பெயருக்கும் அந்த இடத்துக்கும் தவணைக்குத் தவணை பணம் கட்ட வேண்டும். பெயரைத் தம்பியின் பேரில் இல்லாமல் சங்கத்தின் பேரில் பதியச் சொல்லுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், நுவரெலியா:
1989இல் ஐரோப்பாவின் சேர்ன் என்ற பௌதிக ஆய்வுகூடத்தில் டிம் பேர்ணர்ஸ்-லீ, இணையத்தளங்கள் எல்லாம் இருக்கும் இந்த வலையை முன்மொழிந்ததற்கு ஒரு காரணம், ஆட்கள் மாறி மாறிப் போனதில் அங்கே தகவல்கள் தொலைந்ததுதான். நான் படிப்பித்த பாடசாலையிலும் அதே கதை: ஆசிரியர் இடமாற்றம் கிடைத்துப் போவார், அவர் எழுதி வைத்த கொப்பியும் கூடவே போகும். ஆகவே மகள், பழைய அறிவித்தல்களை அழிக்காமல் வருடவாரியாக வையுங்கள். படங்களையும் சிறிதாக்கிப் போடுங்கள், மலைக்குப் பின்னால் சிக்னல் குறைவு.

லிந்துலை அக்கா:
நன்றி சேர், நன்றி தம்பிமாரே. எழுதிவிட்டேன்: முகப்பு, புலமைப்பரிசில், பாடசாலை வரலாறு, தொடர்பு. புலமைப்பரிசிலை முகப்பிலேயே முதலாவதாக, முடிவுத் திகதியைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.