ஆபீஸ் லேப்டாப்பில் ஓப்பன் சோர்ஸ் வேலை செய்யலாமா?

கேள்வி:
பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் ஒரு ஓப்பன் சோர்ஸ் (நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம்) திட்டத்துக்கு பேட்ச், அதாவது நிரல் திருத்தம், எழுதுகிறேன், ஆபீஸ் லேப்டாப்பில்தான். மேனேஜர் பார்த்துவிட்டு "நம்ம வேலைக்கு நேரம் இல்லையா?" என்கிறார். நிறுத்திவிடவா?

பதில்:
நிறுத்த வேண்டாம், முதலில் லேப்டாப்பை மாற்றுங்கள். அப்புறம் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்; நீங்கள் எழுதும் நிரல் எல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி ஒளிந்திருக்கும், இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்காமல் எதையும் அனுப்பாதீர்கள்.

இன்னொரு பதில்:
மேனேஜரிடம் 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற ஓப்பன் சோர்ஸ் கோப்புச் சுருக்க மென்பொருளுக்கு நடந்த கதையைச் சொல்லுங்கள். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று நோண்டி, அதில் ஒளித்து வைத்திருந்த பின்கதவை, அதாவது ரகசிய நுழைவழியை, கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் மைக்ரோசாஃப்ட் ஊழியர்தான். உங்கள் மேனேஜர் அவரிடமும் அப்படிக் கேட்டிருப்பாரோ!

கேட்டவர்:
பார்த்தேன், அந்த வரி இருக்கிறது. சரி, நாளைக்கு ஹெச்ஆருக்கு மெயில்.