புதுப்பிப்பு: ஏற்காடு கணினியில் நெட்வொர்க் கார்டு திரும்ப வந்துவிட்டது

நாகலூரில் மாமாவின் காப்பித் தோட்ட அலுவலகக் கணினியில், மதர்போர்டோடு வந்த ரியல்டெக் 8111 நெட்வொர்க் கார்டை உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) கண்டுகொள்ளவே இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இடி மின்னலில் போயிருக்கும், தனியாக ஒரு கார்டு வாங்கிப் போடுங்கள் என்று பலர் சொன்னீர்கள். கோடை மழையில் ஏற்காட்டில் இடிக்கிற இடிக்கு அது நியாயமான சந்தேகம்தான். ஆனால் கார்டு நன்றாகவே இருக்கிறது.

டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பிரச்சினையும் இல்லை. டிரைவர் இல்லாவிட்டாலும் போர்டில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' (lspci) கட்டளை கொடுத்தால் சிப்பின் பெயராவது வர வேண்டும். இங்கே அந்த வரியே இல்லை. கார்டுகளை போர்டோடு இணைக்கும் பாதையான பிசிஐ பஸ்ஸிலேயே கார்டு தென்படாதபோது ஆர்8169, ஆர்8168 என்று டிரைவர்களை மாற்றி மாற்றி நிறுவுவது வீண் வேலை.

பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கிற அடிப்படை செட்டிங்) 'ஆன்போர்டு லேன்', அதாவது போர்டோடு வந்த நெட்வொர்க் கார்டு, எனேபிள் என்றே இருந்தது. அப்புறம் உங்களில் ஒருவர் சொன்னபடி கணினியை அணைத்து, பவர் கேபிள், லேன் கேபிள் இரண்டையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்தேன். ஷட்டவுன் செய்தாலும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் போர்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். சிப் ஏடாகூடமாகச் சிக்கிக்கொண்டால் வெறும் ரீஸ்டார்ட்டில் தெளியாது.

திரும்ப மாட்டியதும் லேன் போர்ட்டில் பச்சை விளக்கு கண் சிமிட்டியது! எல்எஸ்பிசிஐ பட்டியலில் ரியல்டெக் வரி, அதற்குக் கீழே டிரைவர் ஆர்8169. அவ்வளவு நிம்மதி.

அதே கணினியில் விண்டோஸும் இருப்பதால் முழுதாக ஷட்டவுன் ஆகவிடாத அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிட்டேன். லேப்டாப்பில் இந்த பவர் பட்டன் வைத்தியத்தைச் செய்பவர்கள், கழற்ற முடிந்தால் பேட்டரியையும் கழற்றிவிடுங்கள்.