ஹூஸ்டன் ரோடியோ: எந்தப் பிரிவில் சீட் எடுக்கலாம்?

மார்ச்சில் என்.ஆர்.ஜி. ஸ்டேடியத்தில் முதல்முறை ரோடியோ (காளை, குதிரைச் சவாரிப் போட்டி) பார்க்கப் போகிறோம். நாலு டிக்கெட், ஒருவருக்கு முழங்கால் வலி, ஒரு பையனுக்கு 5 வயது. சீட்தான் முடிவாகவில்லை.

காளைச் சவாரி மொத்தமே 8 விநாடி. ஒரு கை கயிற்றில் இருக்கணும். மற்ற கை மாட்டின்மேல் பட்டால் மதிப்பெண் கிடையாது. அந்தக் கை கண்ணுக்குத் தெரியாவிட்டால் போயும் பயனில்லை.

600-வரிசைப் பிரிவுகளைப் பார்த்தாச்சு: விலை குறைவு, ஆனால் ரொம்ப உயரம், படியும் அதிகம். டிக்கெட் தளத்தின் படத்தில், போட்டி முடிந்ததும் நடக்கும் கச்சேரியின் மேடை இருக்கிறது, மாட்டைத் திறந்துவிடும் கதவு இல்லை. கச்சேரிக்கு முன்பே ரெட் லைன் ரயிலில் கிளம்பிவிடுவோம், அதனால் மேடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

அந்தக் கதவுகள் நேராகத் தெரிய, படி குறைவாக இருக்க, 100-லா 300-லா, எந்தப் பிரிவு எண் எடுக்கணும்?