சுரைக்காய்ப் பாட்டி கதை: வாசித்து முடித்ததும் விளையாட்டு ஏன் அடிதடியாகிறது?

மணல்வீடு கேட்டது:

எங்கள் மையத்தில் 3 முதல் 5 வயது வரை 18 பிள்ளைகள். ஒரே அறை. ஒரு டீச்சர், ஒரு உதவியாளர். இந்த வாரம் எடுத்திருப்பது காட்டு வழியாக மகள் வீட்டுக்குப் போகும் பாட்டி கதை. வழியில் புலியும் கரடியும் மறிக்கும். “இப்ப எலும்பும் தோலுமா இருக்கேன், மக வீட்டுல நாலு நாள் தின்னு கொழுத்து வர்றேன், அப்புறம் தின்னுக்கோ” என்று சொல்லித் தப்பிப்பாள். திரும்பும்போது சுரைக்குடுக்கைக்குள் உட்கார்ந்து உருண்டு வருவாள்.

படக்கதைப் புத்தகம் ஒரே பிரதி, சின்ன அளவு. வாசித்துவிட்டு 20 நிமிடம் விளையாட விட்டால் ஐந்தாறு பேர் புலியாகி மற்றவர்களைத் தள்ளிவிடுகிறார்கள். சிலர் “அடுத்து என்ன டீச்சர்” என்று நிற்கிறார்கள். அட்டை முகமூடியைப் பார்த்து 3 வயதுப் பிள்ளைகள் அழுகிறார்கள். வசனம் சொல்லிக்கொடுத்தால் ஒப்பிக்கிறார்கள், விளையாடுவதில்லை. எங்கே சரிசெய்ய வேண்டும்?

ஏட்டுச்சுவடி:

முதலில் வாசிப்பைப் பாருங்கள் டீச்சர். சின்னப் புத்தகத்தை 18 பேருக்கும் ஒன்றாகக் காட்டினால் பின்னால் இருப்பவர்களுக்குப் படம் தெரியாது, காதில் விழுந்ததுதான் மிஞ்சும். காதில் விழுந்ததில் பெரியது உறுமல். அதனால்தான் எல்லாரும் புலி.

ஒன்பது ஒன்பது பேராகப் பிரியுங்கள். ஒரு குழு உங்களோடு, மற்றது உதவியாளரோடு களிமண்ணில். அரைவட்டமாக உட்காரவைத்து, புத்தகத்தைப் பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு இறக்கி, ஒவ்வொரு படத்தையும் மனசுக்குள் ஆறு எண்ணும் வரை காட்டுங்கள். உங்களுக்கு அது நீண்ட நேரமாகத் தோன்றும். மூலையில் ஒளிந்திருக்கும் முயலைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு அவ்வளவு நேரம் வேண்டும்.

ஒரே கதையை ஐந்து நாள் எடுங்கள். முதல் நாள் கேள்வியே வேண்டாம். இரண்டாம் நாள் “இங்க என்ன நடக்குது?” என்று மட்டும் கேளுங்கள். “புலிக்கு எத்தனை கால், இது என்ன கலர்” என்றால் அது பரீட்சை. பதில் வந்ததும் கதை அறுந்துபோகும். பிள்ளை “பாட்டி போகுது” என்றால், “ஆமா, கம்பை ஊனி ஊனிப் போறாங்க. ஏன் திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க?” என்று கொஞ்சம் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு இப்படி வாசிக்கப் பழக்கி, ஒரு மாதம் பார்த்து, 1988-ல் எழுதினார்கள். வழக்கம்போல் வாசித்த வீடுகளின் பிள்ளைகளைவிட இந்தப் பிள்ளைகள் பேச்சில் முந்தியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் படத்தில் இல்லாததைக் கேளுங்கள். மகள் வீட்டில் நாலு நாளும் என்ன சமைத்தார்கள்? சுரைக்குடுக்கையில் ஓட்டை போட்டது யார், எதை வைத்து? அதுவரை புலி என்ன செய்துகொண்டிருந்தது? ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில் விட்டுப்போன இடத்தில்தான் விளையாட்டு முளைக்கும். நீங்கள் வசனம் கொடுத்தது புத்தகம் ஏற்கெனவே நிரப்பிவிட்ட இடத்துக்கு. அங்கே பிள்ளை செய்ய எதுவும் மிச்சமில்லை.

சிரட்டை:

முகமூடியை எடுத்துவிடுங்கள். தெரிந்த முகம் மறைந்தால் 3 வயதுக்குப் பயம்தான். போட்டவருக்கும் பக்கவாட்டில் கண் தெரியாது, பாதி இடி அதனால்தான். பழைய மஞ்சள் துணியை ஒன்றரை அடி நீளத்துக்குக் கிழித்து இடுப்பில் வாலாகச் செருகிவிடுங்கள். முடிச்சு வேண்டாம், இழுத்தால் கையோடு வந்துவிட வேண்டும். கழுத்தில் எதையும் கட்டக் கூடாது. வாலை உருவிவிட்டால் அவன் புலி இல்லை, எல்லாருக்கும் அது தெரியும்.

குடுக்கைக்குப் பெரிய அட்டைப்பெட்டி. இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும், குத்தியிருக்கும் கம்பிப் பின் எல்லாம் பிடுங்கி விளிம்பில் டேப் ஒட்ட வேண்டும். பிள்ளையை உள்ளே வைத்து உருட்ட வேண்டாம், நுழைந்து தவழ்ந்து வெளியே வந்தாலே போதும்.

மகள் வீட்டுக்கு ஓரம் தேய்த்த தேங்காய்ச் சிரட்டை பத்துப் பன்னிரண்டு, கரண்டி மூன்று, இரண்டு மீட்டர் துணி ஒன்று, செப்புச் சாமான் கொஞ்சம். செப்பு அவசியம். 5 வயதுப் பிள்ளைக்கு ஒரு கல்லே தோசைக்கல் ஆகிவிடும். 3 வயதுக்குப் பொருள் பார்க்கவும் ஓரளவு அதுபோல இருக்க வேண்டும். குச்சி குதிரையாவதைப் பற்றி ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933-ல் பேசியது இதைத்தான்: குச்சியைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளை “குதிரை” என்ற அர்த்தத்தை நிஜக் குதிரையிலிருந்து பிரித்தெடுக்கிறது. ஒரு பிள்ளை வெறும் சிரட்டையை இரண்டு கையாலும் ஏந்தி, உதட்டைக் குவித்து ஊதி, “சூடு, மெதுவா” என்று நீட்டும்போது நடப்பது அதுதான். அந்த நேரத்தில் “சிரட்டைல என்ன இருக்கு, ஒண்ணுமில்லையே” என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது.

புளியங்கொட்டை, குன்றிமணி வேண்டவே வேண்டாம். மூக்கிலும் காதிலும் போகும். குன்றிமணி விஷமும்கூட.

கோலப்பொடி:

20 நிமிடம் போதாது டீச்சர். யார் பாட்டி, எது காடு என்று பேசி முடிக்கவே பத்துப் பதினைந்து நிமிடம் போய்விடும். விளையாட்டு தொடங்கும்போது நீங்கள் மணி அடிக்கிறீர்கள். 40 நிமிடம் கொடுங்கள்.

புலிகளைக் குறைக்க வேண்டாம். நாலு புலி இருக்கட்டும், ஆனால் புலிக்கு ஒரு வேலை வேண்டும். இந்தக் கதையில் புலியின் பெரிய வேலை காத்திருப்பது. சாக்பீஸால் காட்டுக்கு எல்லை போடுங்கள், புலி அதற்குள் இருந்து நாலு நாள் எண்ண வேண்டும். ஒரு ராத்திரிக்கு எல்லாரும் படுத்து எழ வேண்டும். “தள்ளாதே” என்று டீச்சர் சொன்னால் அடங்காத பிள்ளை, புலியாக இருப்பதால் அடங்கும்.

கை ஓங்கினால் சின்ன வேஷத்தில் உள்ளே போங்கள். வழியில் சுள்ளி பொறுக்குகிறவளாகப் போய், “புலியண்ணே, பாட்டி இன்னும் மெலிஞ்சுதான் இருக்காங்க. கையைப் பிடிச்சுப் பாருங்க” என்று சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் “சுள்ளி கட்டியாச்சு, வர்றேன்” என்று வெளியே வந்துவிடுங்கள். பாட்டியாகவோ புலியாகவோ நீங்கள் ஆனால் மொத்த விளையாட்டும் உங்கள் வாயைப் பார்க்க ஆரம்பிக்கும்.

சும்மா நிற்கும் பிள்ளைக்கு வசனம் தராதீர்கள், கையில் வேலை தாருங்கள்: அடுப்புக்குத் தண்ணீர் கொண்டுவருவது, குடுக்கைக்குக் காவல். அதற்கும் வராவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கட்டும், அதுவும் விளையாட்டில் சேர்ந்ததுதான்.

மணல்வீடு:

மகள் வீட்டுச் சமையல் எனக்குத் தோன்றவே இல்லை, அங்கேயே ஏழெட்டுப் பேர் அடங்குவார்கள். 5 வயதுக்காரர்கள் மூன்றாம் நாளே சலித்துவிட்டால்?

ஏட்டுச்சுவடி:

அவர்களையே கதை சொல்லச் சொல்லி எழுதுங்கள். சிகாகோவில் பாலர் வகுப்பு டீச்சராக இருந்த விவியன் பேலியின் வழி இது. பிள்ளை சொல்ல, டீச்சர் சொன்னபடியே ஒரு பக்கத்துக்குள் எழுதுவார், அதை வகுப்பே நடிக்கும். “புலி சோறு துன்னுச்சு” என்றால் அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். கதை ஒரே வரியாக இருந்தாலும் கதைதான்.

அன்றைக்கே நடிக்க வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் ஆறிப்போகும். தரையில் சதுரம் போட்டு எல்லாரும் சுற்றி உட்காருங்கள். கதை சொன்ன பிள்ளை தன் வேஷத்தை எடுத்துக்கொள்ளும். மற்ற வேஷங்கள் உட்கார்ந்த வரிசைப்படி போகும், வேண்டாம் என்றால் அடுத்தவருக்கு. யார் புலி என்ற சண்டை அத்தோடு போயிற்று. ஒரு நாளைக்கு இரண்டு கதைக்கு மேல் வேண்டாம்.

எழுதிய தாளில் அந்தப் பிள்ளையே படம் வரையட்டும். நூல் கோத்து அலமாரியின் கீழ்த்தட்டில், அட்டை முகம் தெரிகிற மாதிரி நிறுத்திவையுங்கள். அடுக்கிவைத்தால் எடுக்க மாட்டார்கள்.